கிக் வந்த கிணற்றை அடக்கும் அழுத்தக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை பார்த்துக்கொண்டே வெல் கன்ட்ரோல் சான்றிதழுக்குப் படிப்பவர்களும், பெட்ரோலியம் இன்ஜினியரிங் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பாறையிலுள்ள வாயுவோ நீரோ கிணற்றுக்குள் புகுந்துவிடுவதைத்தான் கிக் என்கிறோம். சூத்திரங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ரிக் ஏறுபவர்கள், எண் கொஞ்சம் மாறி வந்தாலே தடுமாறிப்போகிறார்கள். அதனால் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கணக்குக்குப் போகிறேன்.

கடைசி வரைக்கும் ஒரே மாதிரிக் கிணறுதான். செங்குத்துக் கிணறு, ஆழம் 10,000 அடி. துளை 8½ அங்குலம். துளைச் சுவரைக் காக்க இறக்கிய 9⅝ அங்குல இரும்புக் குழாயான கேசிங்கின் ஷூ, அதாவது அதன் அடிமுனை, 6,000 அடியில். உள்ளே பிட்டை (துளையிடும் முனையை) தாங்கும் குழாய்கள்: 5 அங்குல டிரில் பைப் 9,000 அடி, ஹெவி வெயிட் பைப் 400 அடி, 6½ அங்குல டிரில் காலர் 600 அடி. கிணற்றை நிரப்பி நிற்கும் துளையிடு திரவமான மட்டின் எடை 10.0 பி.பி.ஜி., அதாவது ஒரு கேலனுக்கு 10 பவுண்டு. பம்ப் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 0.102 பேரல் தள்ளும். நிமிடத்துக்கு 30 ஸ்ட்ரோக்கில் பம்ப் அழுத்தம் 500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). கிக் வந்து கிணற்றை மூடியபோது டிரில் பைப்பில் 400, கேசிங்கில் 650 பி.எஸ்.ஐ. உள்ளே புகுந்தது மட்டை வெளியே தள்ளியதால் மட் தொட்டியில் கூடியது 20 பேரல்.

கேள்வி: இவ்வளவு கணக்கும் எதற்காக?

ஒரே ஒரு காரியத்துக்காக. உள்ளே புகுந்த வாயுவை வெளியேற்றி முடிக்கும்வரை, கிணற்றின் அடியில் உள்ள அழுத்தம் பாறையின் அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலாக, மாறாமல் நிற்க வேண்டும். குறைந்தால் இன்னும் வாயு புகும். மிஞ்சினால் ஷூவுக்குக் கீழே பாறை பிளந்து மட் உள்ளே ஓடிவிடும்.

தவறினால் என்ன ஆகும் என்பதை நம் நாடே பார்த்திருக்கிறது. 1995 ஜனவரியில் ஆந்திராவின் கோதாவரிக் கழிமுகத்தில் பாசர்லபூடி கிணறு வெடித்துத் தீப்பிடித்து 65 நாட்கள் எரிந்தது. 2020 மே 27 அன்று அசாமின் பாக்ஜானில் கிணறு கட்டுமீறியது. ஜூன் 9 அன்று தீப்பற்றி இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

கேள்வி: கிணற்றை மூடியதும் இரண்டு கேஜிலும் வேறு வேறு அழுத்தம் காட்டுகிறதே, ஏன்?

கிணற்றை ‘ப’ எழுத்து வடிவக் குழாயாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் டிரில் பைப்பின் உட்புறம், இன்னொரு கால் பைப்புக்கும் துளைச் சுவருக்கும் இடையே உள்ள ஆனுலஸ். இரண்டும் அடியில் பிட்டருகே சேர்கின்றன. பாறை அழுத்தம் இரண்டையும் ஒரே அளவில்தான் தள்ளுகிறது. ஆனால் பைப்புக்குள் முழுக்கச் சுத்தமான மட். ஆனுலஸின் அடியில் கொஞ்ச உயரத்துக்கு எடை மிகக் குறைந்த வாயு. எடை குறைந்த பக்கத்தில் மேலே அழுத்தம் கூடுதலாகத் தெரியும். அதனால்தான் கேசிங்கில் 650, டிரில் பைப்பில் 400.

கேள்வி: பாறையின் அழுத்தத்தை எதிலிருந்து கண்டுபிடிப்பது?

டிரில் பைப் கேஜிலிருந்துதான். அந்தப் பக்கம் உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியும். மட் தம்பத்தின் அழுத்தம் = 0.052 × மட் எடை × செங்குத்து ஆழம். 0.052 என்பது பி.பி.ஜி.யையும் அடியையும் பி.எஸ்.ஐ.யாக மாற்றும் எண். நம் கிணற்றில் 0.052 × 10 × 10,000 = 5,200 பி.எஸ்.ஐ. இதோடு மூடிய டிரில் பைப் அழுத்தம் 400-ஐக் கூட்டினால் 5,600. அதுதான் பாறையின் அழுத்தம்.

கேசிங் பக்கம் இந்தக் கணக்கு எடுபடாது. வாயு எவ்வளவு உயரம், அதன் எடை என்ன என்பதெல்லாம் அங்கே ஊகம்தான்.

கேள்வி: பைப்பில் மட்டைக் கீழ்நோக்கி மட்டும் விடும் ஃப்ளோட் வால்வு இருந்தால் டிரில் பைப் கேஜ் சுழியம் காட்டுமே?

காட்டும். சுழியம் என்பதால் கிணறு அமைதியாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பம்பை மிக மெதுவாக ஓட்டுங்கள். அழுத்தம் ஏறி, ஃப்ளோட் திறக்கும் கணத்தில் கேஜின் முள் ஒரு நொடி தயங்கும். கேசிங் கேஜ் லேசாக அசையத் தொடங்கும். அந்த இடத்தில் டிரில் பைப் காட்டும் அழுத்தம்தான் உங்களுக்கு வேண்டிய எண். அவசரமாகப் பம்ப் செய்தால் அதைத் தாண்டிப் போய், கூடுதல் அழுத்தத்தை உள்ளே அடைத்துவிடுவீர்கள். பிறகு எல்லாக் கணக்கும் அந்தக் கூடுதலைச் சுமந்துகொண்டே வரும்.

கேள்வி: மெதுவேகப் பம்ப் அழுத்தம் என்பது என்ன? அதை ஏன் முன்கூட்டியே எடுக்கிறார்கள்?

முழுக் கணக்கிலும் நான் மிகவும் மதிக்கும் எண் இதுதான். கிக் இல்லாத சாதாரண நேரத்தில், பம்பை நிமிடத்துக்கு 30, 40 ஸ்ட்ரோக் என்று மெதுவாக ஓட்டி, மட் சுற்றிவர எவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது என்று குறித்து வைப்பார்கள். ரிக்கில் எஸ்.சி.ஆர். என்பார்கள். பைப்புக்குள்ளும் பிட்டிலுள்ள சிறு துளைகளான நாசில் வழியாகவும் மட் உராய்ந்து செல்வதற்கான செலவு அது. ஆனுலஸிலும் சிறு பங்கு உண்டு. மெதுவேகத்தில் அது சொற்பம்.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் எடுக்க வேண்டும். மட்டின் எடையோ தடிமனோ மாறினாலும், பிட்டோ நாசிலோ மாறினாலும், பம்பின் லைனர் மாறினாலும், கிணறு ஓரளவு ஆழம் கூடினாலும் மறுபடி எடுக்க வேண்டும். அடக்கும் நேரத்தில் எந்த கேஜைப் பார்ப்பீர்களோ, அதே சோக் பேனல் கேஜிலேயே எடுங்கள். சோக் என்பது கேசிங் பக்கம் வெளியேறும் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு. டிரில்லர் முன்னாலுள்ள கேஜுக்கும் சோக் பேனலில் உள்ளதற்கும் 50 பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே போதும். கிக் வரும் நாளில் எது சரி என்று விவாதிக்க நேரம் இருக்காது.

ரிப்போர்ட்டில் நேற்றைய எண்ணையே இன்றும் எழுதிவிடும் பழக்கம் சில ரிக்குகளில் உண்டு. அது வெறும் காகித வேலை கிடையாது. கீழே வரும் ஒவ்வொரு கூட்டலும் அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

கேள்வி: மெதுவாகத்தான் சுற்ற வேண்டுமா? வேகமாகச் சுற்றினால் வாயு சீக்கிரம் வெளியேறுமே?

சீக்கிரம் வெளியேறும், அதைச் சமாளிக்க முடியாது. மேலே வரும் வாயுவை மட்டிலிருந்து பிரிக்கும் செபரேட்டருக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது. அதன் அடியில் வாயு, மட்டைச் சலிக்கும் ஷேக்கர் பக்கம் ஓடிவிடாமல் தடுப்பது சில அடி உயர மட் மட்டுமே. 10 அடி உயரம், 10 பி.பி.ஜி. மட் என்றால் அது தாங்குவது 5.2 பி.எஸ்.ஐ.! அதை மீறினால் வாயு நேராக ஆட்கள் நிற்கும் இடத்துக்கு வரும். அதோடு, மெதுவேகத்தில்தான் சோக்கை இயக்குபவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். ஆனுலஸ் உராய்வும் குறையும்.

கேள்வி: தொடக்கச் சுற்று அழுத்தம் எப்படி வருகிறது?

ஐ.சி.பி. என்று கில் ஷீட்டில், அதாவது கிணற்றை அடக்கும் கணக்குத் தாளில், இருப்பது இது. மூடிய டிரில் பைப் அழுத்தத்தோடு மெதுவேகப் பம்ப் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். 400 + 500 = 900 பி.எஸ்.ஐ. பாறையைப் பிடித்து நிறுத்த 400, மட்டைச் சுற்றவைக்க 500. இரண்டுக்கும் வேலை வேறு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த இரண்டு கேள்விகளும் தானாகவே புரியும்.

கேள்வி: கிணற்றை அடக்கும் கனமான மட்டின், அதாவது கில் மட்டின் எடை?

மட் தம்பம் மட்டுமே 5,600 பி.எஸ்.ஐ.யைத் தாங்க வேண்டும். 400 ÷ (0.052 × 10,000) = 0.769. பழைய எடையோடு சேர்த்தால் 10.769. இதை மேல்நோக்கித்தான் முழுதாக்க வேண்டும்: 10.8 பி.பி.ஜி. கீழ்நோக்கி 10.7 என்று எடுத்தால் கிணறு அடங்காது. ‘பாதுகாப்புக்கு இருக்கட்டும்’ என்று 11.3 என ஏற்றுவதும் தவறு. பலவீனமான ஷூ உள்ள கிணற்றில் அதுவே பாறையைப் பிளக்கும்.

கேள்வி: இறுதிச் சுற்று அழுத்தத்தில் 400 ஏன் காணாமல் போகிறது?

எஃப்.சி.பி. = மெதுவேக அழுத்தம் × கில் மட் எடை ÷ பழைய எடை. 500 × 10.8 ÷ 10 = 540 பி.எஸ்.ஐ.

கில் மட் பிட்டை எட்டியதும் பைப்புக்குள் உள்ள தம்பமே பாறையைத் தாங்கிக்கொள்கிறது. அதனால் 400-க்கு இனி வேலையில்லை. உராய்வு மட்டும் மிச்சம். கனமான மட் என்பதால் அது 500-லிருந்து 540-ஆகக் கூடுகிறது. 900-ஐ 1.08-ஆல் பெருக்கி 972 என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். எடை விகிதம் உராய்வுக்கு மட்டுமே உரியது.

கேள்வி: 900-லிருந்து 540-க்கு எப்படி இறங்குவது?

முதலில் பைப்பின் கொள்ளளவு. உள்விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தை 1,029.4-ஆல் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை பேரல் என்று வரும். டிரில் பைப்பின் உள்விட்டம் 4.276 அங்குலம், அடிக்கு 0.01776 பேரல், 9,000 அடிக்கு 159.8. ஹெவி வெயிட் பைப்பில் 3.5 பேரல், காலரில் 4.6. மொத்தம் 167.9 பேரல். 0.102-ஆல் வகுத்தால் 1,646 ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 30 என்றால் ஏறக்குறைய 55 நிமிடம்.

இறங்க வேண்டியது 360 பி.எஸ்.ஐ. 100 ஸ்ட்ரோக்குக்குச் சுமார் 22 விழும். கில் ஷீட்டில் இப்படி எழுதிக்கொள்ளலாம்:

0 ஸ்ட்ரோக்: 900
200: 856
400: 813
600: 769
800: 725
1,000: 681
1,200: 638
1,400: 594
1,600: 550
1,646: 540

அதற்குப் பிறகு கில் மட் ஆனுலஸ் வழியே மேலே வந்து சேரும்வரை 540-ஐ மாற்றாமல் பிடிக்க வேண்டும். நம் கிணற்றின் ஆனுலஸ் 467 பேரல். இன்னும் 4,579 ஸ்ட்ரோக், இரண்டரை மணி நேரத்துக்கும் சற்று மேல்.

கேள்வி: பம்பைத் தொடங்கும்போது எந்த கேஜைப் பார்ப்பது?

கேசிங் கேஜை. பம்ப் சுழியத்திலிருந்து 30 ஸ்ட்ரோக்கை எட்டும்வரை, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து கேசிங்கை 650-லேயே நிறுத்துங்கள். பம்பை ஓட்டுபவரும் சோக்கைப் பிடிப்பவரும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது: “பத்து... பதினைந்து... இருபது” என்று டிரில்லர் சொல்லச் சொல்ல சோக் அசையும். வேகம் 30-ல் நிலைத்ததும் பார்வையை டிரில் பைப் கேஜுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: கணக்கில் 900; கேஜில் 960 காட்டுகிறது. எதை நம்புவது?

கேசிங்கைச் சரியாக 650-ல் பிடித்து வேகத்துக்கு வந்திருந்தால் கேஜை நம்புங்கள். அடியில் அழுத்தம் சரியாக இருக்கிறது. மெதுவேக அழுத்தம்தான் இன்று 560. ஒருவேளை அது எடுத்த பிறகு மட் தடித்திருக்கலாம். அந்த 560-ஐ வைத்து இறுதி அழுத்தத்தையும் புதிதாகப் போடுங்கள்: 560 × 1.08 = 605. 900-க்குக் கொண்டுவர வேண்டுமே என்று சோக்கைத் திறந்தால், அடியிலிருந்து 60 பி.எஸ்.ஐ. பறிபோகும்.

வித்தியாசம் பெரிதாக, 200, 300 என்று இருந்தால் மட்டும் நிறுத்தி மூடிவிட்டுக் காரணம் தேடுங்கள். மெதுவேக அழுத்தமே எடுக்காத கிணற்றிலும் இதே வழிதான்: கேசிங்கைப் பிடித்து வேகத்துக்கு வந்து, கேஜ் காட்டுவதில் 400-ஐக் கழித்தால் அது கிடைத்துவிடும்.

கேள்வி: சோக்கைத் திருகியும் டிரில் பைப் கேஜ் அசையவில்லையே?

பொறுங்கள். அழுத்த மாற்றம் ஆனுலஸ் வழியே இறங்கி, பைப் வழியே ஏறி வர வேண்டும். 1,000 அடிக்கு இரண்டு நொடி என்பது ரிக்கில் சொல்லும் கணக்கு. நம் கிணற்றில் 20 நொடி. காத்திருக்காமல் இன்னொரு திருகு, இன்னொரு திருகு என்று போனால், மூன்று திருகின் பலனும் சேர்ந்து வந்து நிற்கும்.

கேள்வி: டிரில்லர்ஸ் மெத்தட் நல்லதா, வெயிட் அண்ட் வெயிட் நல்லதா?

முதலாவதில் இரண்டு சுற்று. பழைய மட்டாலேயே வாயுவை வெளியேற்றுவது முதல் சுற்று. டிரில் பைப்பில் 900-ஐ மாறாமல் பிடிப்பார்கள். பிறகு கில் மட்டால் இரண்டாம் சுற்று. அதில் கில் மட் பிட்டை எட்டும்வரை கேசிங்கை 400-ல் பிடித்து, எட்டியபின் டிரில் பைப்பை 540-ல் பிடிக்கலாம். படிப்படியாக இறக்கும் அட்டவணையே தேவையில்லை. இரண்டாவது முறையில், கில் மட் தயாராகும்வரை காத்திருந்து ஒரே சுற்றில் முடிப்பார்கள், அட்டவணை கட்டாயம்.

வெயிட் அண்ட் வெயிட் ஷூவுக்கு நல்லது என்று எல்லாப் பாடத்திலும் எழுதியிருக்கும். எல்லாக் கிணற்றுக்கும் அது உண்மையில்லை. நம் கிணற்றையே பாருங்கள். பிட்டிலிருந்து ஷூ வரை ஆனுலஸ் 173.6 பேரல். அதில் 20 பேரலை வாயு ஏற்கெனவே பிடித்துவிட்டது. ஆக, 153 பேரல் பம்ப் செய்வதற்குள் வாயுவின் தலை ஷூவைத் தொட்டுவிடும். கில் மட் பிட்டுக்கு வெளியே வருவதோ 168 பேரலுக்குப் பிறகு! ஷூவுக்கு ஆபத்தான நேரம் கடந்த பிறகுதான் கனமான மட் ஆனுலஸுக்கே வருகிறது. இந்தக் கிணற்றில் ஷூவைப் பொறுத்தவரை இரண்டு முறையும் ஒன்றே.

அப்படியானால் நான் டிரில்லர்ஸ் மெத்தடையே எடுப்பேன். உடனே தொடங்கலாம், மட்டைக் கனமாக்கும் பேரைட் தூளைக் கலக்கும்வரை வாயு சும்மா மேலேறிக்கொண்டிருக்காது, கணக்கும் எளிது. கேசிங் இல்லாத திறந்த துளை நீளமாக, பைப்பின் கொள்ளளவு சிறியதாக இருக்கும் கிணற்றில் பதில் மாறும்.

கேள்வி: கேசிங் அழுத்தம் எவ்வளவு வரை போகலாம்?

மாஸ்ப் என்று சொல்லும் உச்சவரம்பு இது. ஷூவுக்குக் கீழே பாறை தாங்கும் எடை 14.0 பி.பி.ஜி. என்று லீக்-ஆஃப் சோதனையில் வந்திருந்தால், (14 − 10) × 0.052 × 6,000 = 1,248 பி.எஸ்.ஐ. கில் மட் நிறைந்த பிறகு அது 998-ஆகக் குறைந்துவிடும்.

கேள்வி: வாயு மேலேறும்போது கேசிங் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. 1,248-ஐத் தாண்டினால் சோக்கைத் திறக்க வேண்டாமா?

இந்தப் பதற்றத்தால் கெட்ட கிணறுகள் அதிகம். அதனால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வாயு மேலேற ஏற விரியும். அடியில் 5,600 பி.எஸ்.ஐ.யில் 20 பேரல். வெப்பத்தை விட்டுவிட்டு எளிய கணக்காகப் போட்டால், மேலே வந்து சேரும்போது ஏறக்குறைய 90 பேரல். அந்த அளவு மட் ஆனுலஸிலிருந்து வெளியேறியிருக்கும். குறைந்த எடையை ஈடுகட்ட கேசிங் அழுத்தம் ஏறத்தான் வேண்டும்; டிரில்லர்ஸ் மெத்தடில் 1,270 வரை போகும். எண் வரம்பைத் தாண்டுகிறது!

ஆனால் ஷூவில் என்ன நடக்கிறது? மூடியபோது அங்கே 650 + 3,120 = 3,770. வாயுவின் தலை ஷூவைத் தொடும்போது 3,800-ஐ ஒட்டி. வாயு முழுதும் கேசிங்குக்குள் ஏறிய பிறகு, ஷூவுக்குக் கீழே வெறும் மட்தான்: 5,600 − 2,080 = 3,520. பாறை தாங்குவது 14 × 0.052 × 6,000 = 4,368. அதாவது கேசிங் கேஜ் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஷூ முன்பைவிட நிம்மதியாக இருக்கிறது. மாஸ்ப் கணக்கு, ஷூவுக்கு மேலே முழுக்க மட் இருக்கிறது என்ற அனுமானத்தில் போட்டது. வாயு ஷூவைக் கடந்த பிறகு அந்த வரம்பு பொருந்தாது. அப்போது கேசிங்கும், கிணற்றின் வாயை மூடும் வால்வுத் தொகுதியான பி.ஓ.பி.யும் தாங்கும் அளவுதான் எல்லை. டிரில் பைப்பில் 900-ஐப் பிடித்தபடியே இருங்கள்.

கேள்வி: உள்ளே வந்தது வாயுவா, நீரா என்று கணக்கில் தெரியுமா?

ஓரளவு. 20 பேரலில் காலரைச் சுற்றி 17.5 பேரல், 600 அடி. மிச்சம் 54 அடி. உயரம் 654 அடி. இரண்டு கேஜுக்கும் வித்தியாசம் 250. 250 ÷ 654 = 0.382. மட்டின் சாய்வு 0.52-லிருந்து கழித்தால் அடிக்கு 0.138 பி.எஸ்.ஐ. வாயு. உப்புநீராக இருந்தால் 0.45-ஐ ஒட்டி வரும். துளை அரித்து அகன்றிருந்தால் இந்த விடை தவறும். எனவே எது வந்தாலும் வாயு என்றே வைத்து நடந்துகொள்வது நல்லது.

கேள்வி: சுற்றும்போது அழுத்தம் திடீரென மாறினால்?

கை சோக்குக்குப் போவதற்கு முன் கண் இரண்டு கேஜையும் பார்க்க வேண்டும்.

டிரில் பைப் மட்டும் 900-லிருந்து 1,050-க்குத் துள்ளி, கேசிங் அப்படியே நின்றால் நாசில் ஒன்று அடைத்திருக்கிறது. அடியில் எதுவும் மாறவில்லை. சோக்கைத் திறந்து 900-க்குக் கொண்டுவந்தீர்களானால் அடியில் 150 குறைந்து இரண்டாவது கிக் உள்ளே வரும். கேசிங்கைப் பழைய இடத்திலேயே வைத்து, 1,050-ஐப் புதிய எண்ணாக ஏற்றுக்கொள்ளுங்கள். உராய்வு இப்போது 650; இறுதி அழுத்தம் 702.

ஸ்ட்ரோக் மாறாமல் டிரில் பைப் மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தால் பைப்பில் எங்கோ ஓட்டை. அதை ஈடுகட்ட சோக்கை மூடிக்கொண்டே போனால், தெரியாமலே ஷூவை உடைத்துவிடுவீர்கள். பம்பை நிறுத்தி மூடிவிட்டு யோசிக்க வேண்டிய நேரம்.

இரண்டும் சேர்ந்து ஏறினால் சோக் அடைப்பு. முதலில் பம்பை நிறுத்துங்கள், பிறகு அடுத்த சோக்குக்கு மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் சோக் அரித்துப்போயிருக்கிறது அல்லது பம்ப் சரியாகத் தள்ளவில்லை.

ஒரு கேஜ் ஒத்துவராத எண்ணைக் காட்டும்போது அதற்குச் சமாதானம் கண்டுபிடித்துக் கடந்துபோவதுதான் மிகப் பெரிய ஆபத்து. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் நடந்தது அதுதான். அங்கே நடந்தது கிக்கை அடக்கும் வேலை கிடையாது, உள்ளே அழுத்தத்தைக் குறைத்துக் கிணறு கசிகிறதா என்று பார்க்கும் நெகட்டிவ் பிரஷர் சோதனை. டிரில் பைப்பில் 1,400 பி.எஸ்.ஐ. நின்றது; பி.ஓ.பி.யிலிருந்து மேலே வரும் பக்கக் குழாயான கில் லைனில் சுழியம். இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை, ஒத்திருக்க வேண்டும். அந்த 1,400-க்கு ஒரு விளக்கம் சொல்லிச் சோதனை வெற்றி என்று ஏற்றுக்கொண்டார்கள். அன்றிரவே கிணறு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள்.

கேள்வி: நடுவில் பம்ப் வேகத்தை மாற்றலாமா?

மாற்றலாம், மாற்றும்போது கேசிங்கை அசையாமல் பிடிக்க வேண்டும். உராய்வு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறும்: 30-ல் 500 என்றால் 40-ல் 500 × (40 ÷ 30)² = 889, 20-ல் 222. இது தோராயம். புது வேகத்தில் நிலைத்ததும் கேஜ் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாய்வுக் கிணறு, கிடைமட்டக் கிணறு என்றால் அட்டவணை மாறுமா?

கட்டாயம் மாறும். மட்டின் எடை செங்குத்து ஆழத்தைப் பொறுத்தது. உராய்வோ பைப்பின் நீளத்தைப் பொறுத்தது. செங்குத்துக் கிணற்றில் இரண்டும் ஒன்று என்பதால் நேர்கோடு போதும்.

பைப் நீளம் 14,000 அடி, செங்குத்து ஆழம் 10,000. கிணறு 10,800 அடி நீளத்திலேயே முழு ஆழத்தை எட்டிக் கிடைமட்டமாகத் திரும்பிவிடுகிறது என்று வைப்போம். மெதுவேக அழுத்தம் 600, மூடிய அழுத்தம் 400. தொடக்கம் 1,000, இறுதி 648. கில் மட் 10,800 அடியை எட்டும்போதே 400-ம் தேவையற்றதாகிவிடும். அங்கே வேண்டியது 600-ம், கூடுதல் உராய்வில் அதுவரைக்குமான பங்கு 37-ம்: 637. நேர்கோடு அதே இடத்தில் 728 என்று சொல்லும். 91 பி.எஸ்.ஐ. வீணாகப் பாறைமேல் ஏறும். அதன் பிறகு கிடைமட்டப் பகுதியில் அழுத்தம் 637-லிருந்து 648-க்கு மெல்ல ஏறும், இறங்காது.

கேள்வி: கடலடியில் பி.ஓ.பி. இருந்தால்?

கடலடியிலிருந்து மேலே சோக்குக்கு வரும் சோக் லைன் நீளமானது, குறுகலானது. அதன் உராய்வையும் முன்கூட்டியே அளந்து வைக்க வேண்டும். அது 150 என்றால், பம்ப் வேகத்துக்கு வரும்போது கேசிங்கை 650-ல் நிறுத்தக் கூடாது, 500-க்கு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த 150-ம் ஷூவின் தலையில் விழும். கில் லைனில் தனி கேஜ் இருந்தால் அதை மாறாமல் பிடிப்பது இன்னும் எளிது.

கேள்வி: பேரைட் எவ்வளவு வேண்டும்?

100 பேரலுக்கு 1,470 × (10.8 − 10) ÷ (35 − 10.8) = 48.6 மூட்டை, மூட்டைக்கு 100 பவுண்டு. மொத்த மட் 800 பேரல் என்றால் 389 மூட்டை, சுமார் 17.6 டன். ரிக்கில் இருப்பு இருக்கிறதா என்பதைக் கிக் வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் ரிக்கில் கிலோ, மீட்டர்தான். சூத்திரம்?

சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ = ஒப்படர்த்தி × மீட்டர் ÷ 10. 1.20 × 3,048 ÷ 10 = 365.8, பி.எஸ்.ஐ.யில் சுமார் 5,200. மற்ற தர்க்கமெல்லாம் அதேதான். ஒரே ஷீட்டில் இரண்டு அளவுமுறையைக் கலக்காதீர்கள்.

கேள்வி: எந்தச் சான்றிதழ் எடுப்பது?

ஐ.டபிள்யூ.சி.எஃப்., ஐ.ஏ.டி.சி.யின் வெல்ஷார்ப் இரண்டும் உலகெங்கும் செல்லும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தியாவில் வேலை என்றால் எண்ணெய்த் துறைப் பாதுகாப்பு இயக்ககத்தின் ஓ.ஐ.எஸ்.டி. 174 வழிகாட்டியையும் படித்துவிடுங்கள். ரிக்கில் உங்கள் நிறுவனத்தின் நடைமுறையே முதன்மை; இந்தப் பக்கத்தைப் புரிந்துகொள்வதற்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கில் மட் மேலே வந்துவிட்டது, இரண்டு கேஜும் சுழியம். பி.ஓ.பி.யைத் திறந்துவிடலாமா?

உடனே வேண்டாம். சோக் வழியே ஓட்டம் நின்றுவிட்டதா என்று பாருங்கள். மூடிய பி.ஓ.பி.க்கு அடியில் கொஞ்சம் வாயு தங்கியிருக்கும். ரிக் ஃப்ளோரில் யாரும் நிற்காதபோது எச்சரிக்கையாகத் திறக்க வேண்டும். பிறகு ஒரு முழுச் சுற்று விட்டு, பைப்பை மேலே இழுக்கும்போது ஏற்படும் உறிஞ்சலுக்காக 0.2, 0.3 பி.பி.ஜி. கூட்டுவது வழக்கம்; மாஸ்ப் இடம் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கூட்டுங்கள். உள்ளே இருப்பது இப்போது வேறு மட் என்பதால் பழைய 500 செல்லாது. துளையிடத் தொடங்கும் முன் இரண்டு பம்பிலும் மெதுவேக அழுத்தத்தைப் புதிதாக எடுத்து, கில் ஷீட்டில் எழுதிவிட்டு பிட்டை இறக்குங்கள்.